பீப்பி செருகிய குழாய்

தண்ணீர் வந்தால் சாமி கொடுத்தது, வராவிட்டால் கர்ணன் அடைத்தது. நான் வால்வு திறக்கிற வேலைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் இதுதான் நியாயம். ஆற்றில் தண்ணீர் வற்றியதா, மோட்டார் புகைந்ததா, மெயின் பைப்பை எவனாவது ஜேசிபி வைத்துப் பெயர்த்தானா, அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. டி.வி.எஸ். வண்டியில் வால்வுச் சாவியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவன் நான். கண்ணில் படுகிறவனைத்தானே திட்ட முடியும். அதிலும் என் அப்பா எனக்குக் கர்ணன் என்று பேர் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். "பேரு மட்டும் கர்ணன், ஒரு கொடம் தண்ணிக்கு வக்கில்ல" என்று சொல்லாத பொம்பளை இந்த ஊரில் கிடையாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், தண்ணீர் ஊற்ற வருகிறவன் என் டம்ளருக்கு மேலே ஜக்கை நிறுத்தி, "அண்ணனுக்கு நாலு நாளைக்கு ஒருக்காத்தான்" என்பான். பந்தியே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன்.

மேட்டுத் தெரு மொக்கம்மாக்கா மட்டும் என் பேரை வைத்துப் பேசியதில்லை. என்னைத் திட்ட அவளிடம் வேறு வார்த்தைகள் இருந்தன.

ஊர்ப் பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆபீசில் கூப்பிட்டுக் கேட்பார்கள். சின்னமனூரில் பஸ் ஏறினால் கண்டக்டர் மீதிச் சில்லறை தருவதற்குள் இறங்கிவிடலாம், அவ்வளவு கிட்டம். மேட்டுத் தெரு ஊரின் கடைசித் தெரு. தொட்டியிலிருந்து கிளம்புகிற பைப் ஊரெல்லாம் சுற்றி, எல்லார் வீட்டுக்கும் ஊற்றிவிட்டு, மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு ஏறுகிற மேடு அது. அந்தத் தெருவிலும் கடைசி வீடு மொக்கம்மாக்கா வீடு. அதற்கப்புறம் திராட்சைத் தோட்டத்துக் கல்தூணும் கம்பியும்தான்.

அவள் பிறந்தது ஆண்டிப்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு காட்டு ஊர். "தண்ணி உள்ள ஊருன்னு சொல்லித்தாம்ப்பா என்னக் கட்டிக் குடுத்தாக. வந்து பாத்தா ஆத்துல ஓடுது, வீட்டுல ஓடல" என்பாள். புருசன் முத்துராமலிங்கம் தேனி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். தோள்பட்டை இறங்கிப்போய்க் கை மேலே தூக்க வராமல் ஆனபிறகு வீட்டோடு கிடந்தார். அக்கா அதுவரைக்கும் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு வீட்டிலேயே பருத்திப்பால் காய்ச்ச ஆரம்பித்தாள். காய்ச்சியதைப் பெரிய போகணியில் ஊற்றிச் சைக்கிளில் கட்டிவிட்டால், முத்துராமலிங்கம் ஒரு கையால் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அப்படித்தான் பல வருடம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

பருத்திப்பால் தண்ணீர் தின்கிற தொழில். பருத்திக்கொட்டையை ஊறப்போட வேண்டும், அழுக்கும் பஞ்சும் போகிற வரைக்கும் அலச வேண்டும், ஆட்டிப் பிழிய வேண்டும், சக்கையை மறுபடி ஆட்டி மறுபடி பிழிய வேண்டும். அப்புறம் அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் எல்லாம். கடைசியில் கிரைண்டர், துணி, போகணி எல்லாவற்றையும் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். ஊரில் போர்த் தண்ணீர் உண்டு. ஆனால் அது சவர், உப்புக் கரிக்கும். ஒரு தடவை அதில் காய்ச்சிப் பார்த்தாள். பால் திரிதிரியாகப் போய், குடித்தவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முத்துராமலிங்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனானாம். ஆற்றுத் தண்ணீர்தான் அதற்கு ஆகும். ஆற்றுத் தண்ணீர் அவளுக்கு வருவது குழாயில். குழாய் இல்லையென்றால் பருத்திப்பால் இல்லை.

எங்கள் ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. தொட்டி நிறைந்தால் திறப்பேன். அதனால் எல்லார் வீட்டிலும் குழாயைத் திறந்தே வைத்து அடியில் குடத்தை வைத்துவிடுவார்கள். மொக்கம்மாக்கா அதற்கு மேலே ஒன்று செய்தாள். வீரபாண்டித் திருவிழாவில் வாங்கின பிளாஸ்டிக் பீப்பி ஒன்றைப் பேரப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தது. அதைச் சைக்கிள் டியூப் துண்டு வைத்துக் குழாய் வாயில் செருகினாள். நான் கீழே வால்வைத் திறந்ததும் பைப்பில் இருக்கிற காற்று முந்திக்கொண்டு வரும். கடைசி வீடு, திறந்த குழாய், காற்றெல்லாம் அங்கேதான் வெளியேறும். பீப்பி பீய்ய்ய் என்று கத்தும். மேட்டுத் தெரு முழுக்கக் குடத்தோடு வாசலுக்கு வந்துவிடும். பிறகு தண்ணீர் வந்து பீப்பியைத் தள்ளிவிட்டு டிரம்மில் விழும்.

அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள். விடியும் முன்னே ஜீப் வந்து ஊர்ப் பொது மந்தையில் நிற்கும், மலையேறிப் போய்க் காயெடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார்கள். அவர்களுக்கு அந்தப் பீப்பிதான் ஆதாரம். விடிகாலையில் கத்தினால் பிடித்து வைத்துவிட்டுப் போவார்கள். பகலில் கத்தினால் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள் குடத்தையும் எடுத்து வைப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மீட்டர் வந்தது.

வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டினார்கள். வால்வு திறக்கிறதோடு மாசாமாசம் அதைப் பார்த்து எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. மொக்கம்மாக்கா வீட்டு மீட்டரைப் பார்த்தபோது எனக்குக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கத் தோன்றியது. மெயின் ரோட்டு ஓட்டலைவிட அதிகமாக ஓடியிருந்தது. பைப்பில் திருட்டு மோட்டார் மாட்டி உறிஞ்சுகிற ஆட்கள் ஊரில் உண்டு. கேட்டேன்.

"யக்கா, மோட்டாரு எதும் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேனே. உள்ள படுத்துக் கெடக்காரு பாரு ஒங்க மச்சான். அவருதான் மோட்டாரு. சுச்சுப் போடாமலே சத்தம் வரும்."

"வெளையாடாத. மீட்டரு கண்டமேனிக்கு ஓடியிருக்கு."

"நீ மாட்டுனது, நீ பாக்குறது, நீ எழுதுறது. எங்கிட்டக் கேட்டா? போயி அதுகிட்டக் கேளு."

வீடு முழுக்கத் தேடினேன். மோட்டார் இல்லை. ஓடியதை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினேன். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்து ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. கொடுக்கப் போனவனும் நானே.

வீட்டு இணைப்பை வைத்துத் தொழில் செய்வதாகத் தெரிகிறது, ஆகவே தொழில் இணைப்பாக மாற்ற வேண்டும், அந்த லைனில் தண்ணீர் பத்தாததால் தொழில் இணைப்புக் கொடுப்பதற்கில்லை, ஆகவே இணைப்பு துண்டிக்கப்படும். முத்துராமலிங்கம் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார். அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள். கையெல்லாம் பருத்திக்கொட்டைச் சக்கை.

"வீட்டுல இட்லி அவிச்சா வீடு, பால் காச்சுனா கம்பெனியாப்பா?"

"நான் எழுதலக்கா."

"பின்ன யாரு எழுதுனா? இங்கன வந்து பாத்தவன் நீதான?"

ஊரில் எல்லாரும் என்னைச் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. மோட்டார் இல்லாமல் எப்படி ஓடும்? அப்போதுதான் இன்ஜினியராக வேல்விழி என்று ஒரு பெண் வந்திருந்தது. என் மகள் வயதுதான். அதனிடம் சொன்னேன். "வாங்கண்ணே, போய்ப் பாத்துருவோம்" என்று அன்றைக்கே கிளம்பியது. கூட வேலை பார்க்கும் சுருளிராஜனைக் கீழே வால்வுக்கிட்ட நிறுத்திவிட்டு மேலே வந்தோம். வேல்விழி மீட்டர்ப் பெட்டி மூடியைத் திறந்து குத்தவைத்து உட்கார்ந்து, போனில் "தொறங்க" என்றது.

கொஞ்ச நேரத்தில் பீப்பி கத்தியது. தெரு முழுக்கக் குடம் முட்டுகிற சத்தம். வேல்விழி என்னைக் கூப்பிட்டது.

"அண்ணே, இங்க பாருங்க."

மீட்டருக்குள் இருக்கிற சின்னச் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"குழாயில தண்ணி வருதா?"

எட்டிப் பார்த்தேன். டிரம் காய்ந்து கிடந்தது. பீப்பி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"காத்துண்ணே. மீட்டருக்குத் தண்ணியும் ஒண்ணுதான் காத்தும் ஒண்ணுதான். தெருப் பைப்புல உள்ள காத்தெல்லாம் இவங்க மீட்டர் வழியாத்தான் போகுது."

அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இத்தன மாசமா நான் குடிச்சது காத்தா தாயி?"

பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி, அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகாமல் நின்றிருந்தவள், "காத்தக் குடிச்சும் மதினி ஒடம்பு எளைக்கலையே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

வேல்விழி சிரிக்கவில்லை. நோட்டீஸ் மேலே வரைக்கும் போய்விட்டது, தன்னால் கிழித்துப் போட முடியாது என்றது. அடுத்து இரண்டு தடவை மீட்டர் பார்க்கும்போது வீட்டு அளவுக்குள் இருந்தால் ரத்து செய்ய எழுதலாம். தாண்டினால் தன் கையில் ஒன்றும் இல்லை. காற்று போவதற்குத் தனியாக ஒரு வால்வு வைக்க எஸ்டிமேட் எழுதுவதாகச் சொன்னது, ஆனால் அது வருகிறபோதுதான் வரும். அதுவரைக்கும் குழாயை மூடி வையுங்கள், தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்தபிறகு திறந்துகொள்ளுங்கள் என்றது.

அக்கா பீப்பியைப் பிடுங்கினாள். டியூப் துண்டோடு கையில் வைத்து நீட்டினாள்.

"யாரு வச்சுக்கிறீக?"

யாரும் கை நீட்டவில்லை.

"ஏடி பாண்டீசு, நீ பக்கத்து வீடுதான. ஒங்க குழாயில மாட்டு."

"எங்க குழாயே பாதி ஒடஞ்சு கெடக்கு மதினி."

"எம் மருமக ஒத்துக்க மாட்டா ஆத்தா" என்றது இன்னொரு குரல்.

"மாசம் ஒரு வீடுன்னு வச்சுக்குவோமே."

"மொத மாசம் யாரு?"

பின்னால் இருந்து ஒருத்தி, "கர்ணன் வீட்டுல கட்டுங்கப்பா" என்றாள். "அவன் வீடு ஆத்தோரம். அங்கன ஊதுனா மீனுதான் கொடத்தத் தூக்கிட்டு வரும்" என்று பாண்டீஸ்வரி முடித்தாள். அதற்கும் சிரிப்பு. ஒவ்வொருத்தியாகக் கலைந்து போனார்கள். அக்கா பீப்பியைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தாள்.

அதற்கப்புறம் மேட்டுத் தெருவில் யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை. தண்ணீர் எப்போது வந்தது, எப்போது நின்றது என்று தெரியாமல் போனது. கடைசிக் குழாய் மூடியிருப்பதால் காற்று போக வழியில்லாமல் தண்ணீர் ஏறுவதும் சுணங்கியது. மற்றவர்களும் தங்கள் குழாயை மூடி வைக்கப் பழகிவிட்டார்கள். காற்றுக்குக் காசு கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும். மலைக்குப் போய்வந்த பெண்கள் காலிக் குடத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார்கள். என்னைத் திட்டி அலுத்தபிறகு அக்காவைத் திட்டினார்கள். "காத்த அடச்சு வச்சுக்கிட்டு ஒய்யாரமாப் பால் காச்சுறா" என்று அவள் காதில் விழும்படி பேசினார்கள். ஆட்டுக்குச் சக்கை வாங்கிப் போகிறவள்கூட வரவில்லை. சக்கை மூலையில் புளித்துக் கிடந்தது.

முதல் தடவை மீட்டர் அளவுக்குள் நின்றது. இன்னும் ஒரு தடவை. அதற்குள் ஒரு நாள் விடிகாலையில் வால்வைத் திறந்துவிட்டு நிமிர்ந்தேன், மேட்டிலிருந்து பீப்பிச் சத்தம் வந்தது. வண்டியை முடுக்கிக்கொண்டு ஏறினேன்.

பாண்டீஸ்வரி புதுப் பீப்பி ஒன்றை வாங்கிவந்து அக்கா வீட்டு வாசல் குழாயில் செருகித் திறந்துவிட்டிருந்தாள். தோட்டத்துக்குக் கிளம்பிய கோலம், சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. அக்கா தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தவள், தலைகூட முடியவில்லை. இரண்டு பேர் கையும் குழாயில்.

"எடுடி கைய."

"எடுக்க மாட்டேன் மதினி. இந்த மாசம் ஒரு தடவகூடத் தண்ணி பிடிக்கல நானு. சரிவுல நாள் பூரா நின்னு காயெடுத்துட்டு வந்து சவர்த் தண்ணியில ஒல வைக்கிறேன். சோறு மஞ்சக் காமாலை வந்தது மாதிரி இருக்கு. ஒனக்குப் பால் பொங்கணும், எங்களுக்குச் சோறு பொங்க வேணாமா?"

"எம் மீட்டரு ஓடுதுடி! இந்த ஒரு மாசந்தாண்டி!"

"ஓடட்டும். ஊருக்கே ஓடுச்சுல்ல இத்தன நாளு."

"அறுத்துப்புட்டுப் போயிருவாகடி. அந்த மனுசனுக்குக் கை வெளங்காது. நான் எதக் காச்சி விப்பேன்?"

மந்தையில் ஜீப் ஹாரன் அடித்தது. விட்டால் ஒரு நாள் கூலி போகும். பாண்டீஸ்வரி கையை எடுத்தாள். அக்கா குழாயை இறுக்கி மூடினாள். பாண்டீஸ்வரி குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். குடம் உருண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. போய்க் குடத்தை எடுத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். குழாயடியில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மற்ற வீட்டில் யாரோ திறந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டபிறகு திறந்தாள். பாண்டீஸ்வரி குடம்தான் முதலில் நிறைந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஜீப்பில் போகிறவர்கள் குடத்தையெல்லாம் அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். வைக்கும்போது நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, வைத்தார்கள், அவ்வளவுதான். அவள் நிரப்பினாள். நிரப்புகிற ஒவ்வொரு குடமும் அவள் மீட்டரில்தான் ஓடும். அளவைத் தாண்டினால் குழாய் போய்விடும். ஊருக்குக் கொடுத்ததை எங்கே பிடித்துக் குறைப்பது? பருத்திக்கொட்டையில்தான். ஊறப்போடுவதைக் குறைத்தாள். போகணியில் பாதிப் பால் போனது, அப்புறம் பாதியிலும் குறைவு. முத்துராமலிங்கம் வெளிச்சம் போகும் முன்பே காலிப் போகணியோடு திரும்பிவிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் அவரைக் காணாமல் டீக்கடைக்குப் போகப் பழகினார்கள்.

"கொஞ்சங் குடுக்காம இருக்கலாம்லக்கா. ஒன்னயவும் பாக்கணும்ல" என்று ஒரு நாள் சொன்னேன்.

"ஏப்பா, ஆண்டிப்பட்டிக் காட்டுல காலிக் கொடத்தோட வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கேன். ஒனக்கு அது தெரியாது. நீ தொறக்குறவன்."

இரண்டாவது தடவை மீட்டர் பார்த்தபோது அளவுக்குள் இருந்தது, மயிரிழையில். வேல்விழி சொன்னபடி எழுதி அனுப்பியது. நோட்டீஸ் ரத்து என்று தாள் வந்தது. இந்த ஒரு தடவையாவது நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று நினைத்து ஏறினேன்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். இந்த இரண்டு மூன்று மாதத்தில் ஆள் சுருங்கியிருந்தாள். தாளை வாங்கி மடித்து அரிசிப் பானை மூடிக்கு அடியில் வைத்தாள். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

"அந்தக் காத்து வால்வு வருதாப்பா?"

"எஸ்டிமேட்டு மேல போயிருக்குக்கா. வரும்னு சொல்றாக."

"வரட்டும்." அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். "எம் பங்குல குடுத்து முடியாதுப்பா. குடுத்துக்கிட்டே இருந்தா யாவாரம் போயிரும். நிப்பாட்டுனா அவளுக தண்ணி போயிரும். அவளுகளே பிடிச்சுக்கிட்டா ஒரு வம்பும் இல்ல. எப்பத் தொறக்குறன்னு தெரிஞ்சாப் போதும் அவளுகளுக்கு."

நான் எழுந்தேன். எனக்கு அந்தப் பேச்சு எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது.

"கர்ணா, ஒக்காரு. நான் எதும் ஒங்கிட்டக் கேட்டதில்ல, திட்டித்தான் இருக்கேன். இப்பக் கேக்குறேன், மொகத்தச் சுழிக்காத. தொறக்குறதுக்கு முந்தி இங்கன ஏறி வந்து வண்டி ஹாரன அடிச்சுட்டுப் போய்த் தொற."

"யக்கா, வால்வு கெடக்கிறது கீழ. நான் ஏறி, எறங்கி, மறுபடி…"

"தெரியும். ஒம் முட்டி வலியும் தெரியும், ஒனக்கு எத்தன தெரு இருக்குன்னும் தெரியும்."

"இந்தத் தெருவுக்கு அடிச்சா எல்லாத் தெருவும் கேப்பாக."

"கேப்பாக. அதுக்கும் சேத்து என்னையத் திட்டிக்க."

வெளியே முத்துராமலிங்கம் சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டது. போகணி காலியாக அதிர்ந்தது. நான் வண்டிச் சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினேன். அவள் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"விடியக்காலம்னா ஜீப்பு வாரதுக்கு முந்தி வா. பாண்டீசு வீட்டு முன்னால மட்டும் ரெண்டு தடவ அடிச்சுட்டுப் போப்பா. அவ அசந்து தூங்குவா."